மில்லிமீட்டரின் மழை

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. ஊருக்கு அவர் மில்லிமீட்டர். அரசு அலுவலகத்தில் மழைமானி பார்க்கும் வேலை. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலை எட்டரைக்கு, அலுவலகத்தின் பின்பக்கத்துக் கம்பிவேலியின் பூட்டைத் திறப்பார். மழைமானியில் இருக்கும் தண்ணீரை அளவுக் குப்பியில் ஊற்றி, ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்து, பதிவேட்டில் எழுதுவார். கல்யாணத்தன்றும் எட்டரைக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை ஓடிவிட்டார் என்று என் அப்பா அழுதது தனிக்கதை.

வீட்டிலும் இதே கூத்துதான். டம்ளரில் டீ கொஞ்சம் இறங்கியிருந்தால், "இன்னைக்கு எட்டு மில்லிமீட்டர் கம்மி" என்பார். அக்கா காதில் வாங்கமாட்டாள்.

பதிவேட்டில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. மற்றவர்கள் அதைக் காலியாக விடுவார்களாம். அத்தானுக்கு அது பொறுக்காது. 'காகம் ஒன்று மழைமானி மேல் உட்கார்ந்தது. விரட்டப்பட்டது' என்று எழுதுவார். 'எனக்கு ஜலதோஷம். அளவு பாதிக்கப்படவில்லை' என்றும் ஒரு நாள் எழுதியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து அன்றன்றே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்.

அந்த வருடம் வானம் கையை விரித்துவிட்டது. அக்கா வீட்டு முன்னறையில் சலவைக் கடை வைத்திருக்கிறாள். அவள் துவைப்பாள், நான் இஸ்திரி போடுவேன். ஆழ்குழாயைத் திறந்தால் காற்று வந்தது. தண்ணீர் இல்லாத சலவைக் கடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இனி அரசாங்கத் தண்ணீர் லாரிதான் கதி. அதற்கு ஒரு விதி: தொடர்ந்து நாற்பது நாள் மழைமானியில் சுழி பதிவாகியிருக்க வேண்டும். நடுவில் ஒரு சொட்டு விழுந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள்.

எங்கள் தலையில் ஒரு தூறல்கூட விழவில்லை. ஆனால் அத்தானின் பதிவேட்டில் மட்டும் அநேகமாகத் தினமும் மழை. இரண்டு மில்லிமீட்டர், ஒன்றரை, இரண்டேகால். தெருவே வாசலில் வந்து நின்று கேட்டது. அவர் அசையவில்லை.

"மானி பொய் சொல்லாது. வேலிக்குள்ள புல்லு முளைச்சிருக்கு, வேணும்னா வந்து பாருங்க."

போய்ப் பார்த்தோம். ஊரே கருகிக் கிடக்க, வேலிக்குள் ஒரு துண்டு அகலத்துக்குப் பச்சைப் புல். வந்த வழியே திரும்பினோம்.

அன்றன்றைய அளவைச் சமையலறைக் காலண்டரிலும் அவர் எழுதி வைப்பது வழக்கம். ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா காலண்டர் முன்னால் போய் நின்றாள்.

"திங்கக்கிழமைக் காலையில எல்லாம் சைபர் போட்டிருக்கீங்களே."

"ஞாயித்துக்கிழமை மழை இல்ல. பெஞ்சிருந்தா எழுதியிருப்பேன்."

"ஏழு ஞாயித்துக்கிழமையும் இல்லையா?"

"இல்ல."

"ஏங்க, மழைக்கு வாராந்திர லீவு குடுத்தது யாரு?"

அத்தான் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார். அவர் தட்டில் சோற்றை மிச்சம் வைத்து எழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மதியம் மூன்று பேரும் வேலிக்குப் போனோம். எட்டரை மணிக்குப் பிறகு மழைமானியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அத்தானின் கொள்கை. அதனால் மதிய வேளையில் அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. மாடியில் மேலதிகாரியின் அறையில் புது ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அதன் தண்ணீர் முதலில் அதிகாரியின் மோட்டார் சைக்கிள் சீட்டில் சொட்டியிருக்கிறது. அலுவலக உதவியாளர் புத்திசாலித்தனமாகக் குழாயை வேலிப் பக்கம் திருப்பிக் கம்பியால் கட்டிவிட்டார். சொட்டு வேலிக் கம்பத்தின் தலையில் விழுந்து தெறித்தது. பெரும்பங்கு புல்லுக்கு, கொஞ்சம் மழைமானிக்கு. காலை எட்டரைக்கு ஏசி ஓடாது. ஞாயிற்றுக்கிழமையும் ஓடாது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் நீர்ச் சுழற்சி என்று ஒரு படம் இருக்கும். கடல், மேகம், மலை, ஆறு, சுற்றி அம்புக்குறி. எங்கள் ஊர்ப் படம் வேறு. ஏரியை மூடிக் கிடங்கு கட்டினோம். வண்டி நிறுத்த மரங்களை வெட்டினோம். வெயில் மண்டையைப் பிளந்தது, ஏசி போட்டோம். காற்றில் மிச்சமிருந்த ஈரத்தையும் ஏசி பிழிந்து மழைமானியில் விட்டது. மழை பெய்கிறது என்று சொல்லி எங்களுக்குத் தண்ணீர் கிடையாது என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்திருப்பேன். கிடங்கு கட்டியபோது கல் சுமக்கப் போய்க் கூலி வாங்கியவன் நான் என்பது ஞாபகம் வந்தது. சும்மா இருந்துவிட்டேன்.

அத்தான் புல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தப்பு கிடையாது. இப்ப நாப்பத்தாறு தப்பு."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

அன்றே குழாயை வேறு பக்கம் திருப்பினார்கள். அத்தான் நாற்பத்தாறு பதிவுகளும் தவறு என்று நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில்: பழைய பதிவுகளைத் திருத்த விதியில் இடமில்லை, குழாய் திருப்பிய நாளிலிருந்து நாற்பது நாள் எண்ணப்படும்.

அக்கா அழவில்லை. டிரம்களைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் ஏசி இருந்த இடமெல்லாம் வைத்துவிட்டு வந்தாள். மேலதிகாரியின் சட்டையை அவருடைய ஏசித் தண்ணீரிலேயே துவைத்தோம். வெள்ளை வெளேரென்று வந்ததாக அவர் பாராட்டினார். ஆனால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. பாதி வாடிக்கை அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டது.

"நாப்பதாவது நாள் லாரி வரலைன்னா கடைய மூடிடுவேன்" என்றாள்.

தெருவே விரல் விட்டு எண்ணத் தொடங்கியது. பத்து, இருபது, முப்பது. தண்ணீருக்குத் தவித்த ஜனம் மழை வந்துவிடக் கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்பதாவது நாள் மாலை வேண்டாத விருந்தாளி போல ஒரு மேகம் வந்தது. கடைக்காரர்கள் அதை முறைத்தார்கள். அக்கா துவைக்க எடுத்த அத்தானின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. சற்று நேரத்தில் தூறல் விழுந்தது. தூசி அடங்கும் அளவுக்கு, ஐந்து நிமிடம்.

காலையில் வேலிச் சாவி இஸ்திரி போட்ட சட்டை மேல் இருந்தது. அத்தான் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். நானும் கூடவே போனேன். வேலிக்குள் மழைமானியின் தலையில் ஒரு நீல வாளி கவிழ்ந்திருந்தது. அதன் மேல் செங்கல் ஒன்று.

"இது நம்ம வாளி."

"ஆமா அத்தான்."

"கைப்பிடி உடைஞ்சது."

"அதேதான்."

வாளியைத் தூக்கினார். மானியைக் குப்பியில் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. ஒரு கண்ணை மூடி, இல்லாத தண்ணீரை வெகு நேரம் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து சுழி போட்டார். நான் மூச்சு விடுவதற்குள் பேனா குறிப்புக் கட்டத்துக்கு நகர்ந்துவிட்டது.

'நேற்று மாலை தூறல். மழைமானி வாளியால் மூடப்பட்டிருந்ததால் அளவு சுழி. வாளி என் மனைவியுடையது. அவள் செய்தது தவறு. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் செய்திருப்பேன்.'

"அத்தான், இதப் படிச்சா லாரி வராது."

"பாத்தத எழுதாம இருக்க முடியாதுப்பா."

இரண்டாம் நாள் லாரி வந்தது. தெரு குடங்களோடு ஓடியது. அக்கா டிரம்களை வரிசையாக வைத்து நிரப்பினாள், சிரித்தாள், என்னை அதட்டினாள். அத்தான் மட்டும் ஓரமாக, பொருளைத் தொலைத்தவர் போல நின்றார். அக்கா அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரில் விளிம்பு வரைக்கும் இருந்தது. அவர் அளவு பார்க்காமல் குடித்தார்.

மறுநாள் பதிவேட்டின் நகலை எனக்குக் காட்டினார். அளவு, சுழி. குறிப்பு: 'தண்ணீர் லாரி வந்தது. இந்தக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை என்று தெரியவருகிறது. காகம் வரவில்லை.'