பார்க்காமல் வாசித்த வேதபாடம்

சபையாரே, இதை உங்கள் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் ஏமாற்றியது உங்களைத்தான், அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வடக்கனந்தல் அங்கன்வாடியில் சமைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் இங்கே வேதபாடம் வாசித்துவந்தேன். போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களில் எழுத்தெல்லாம் கலங்க ஆரம்பித்தது. பாடத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களே என்று பயம். சனிக்கிழமை சாயங்காலம் மகள் எஸ்தரை அந்தப் பகுதியை உரக்க வாசிக்கச் சொல்லி, கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தேன். மறுநாள் வேதத்தை விரித்துவைத்து, பார்த்து வாசிப்பதுபோல் ஒப்பித்தேன். இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறாளே என்று நீங்கள் மெச்சினீர்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

தனியாக இருக்கும்போது அழுவேன். ஆண்டவரே, என் கண்ணைக் காப்பாற்றும், ஒரு வழி காட்டும் என்று முழங்காலில் நின்று கெஞ்சுவேன்.

அந்த நாட்களில்தான் கள்ளக்குறிச்சியில் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். ரத்தத்தில் அழற்சி அதிகமாகக் காட்டியது. காய்ச்சலா, காலில் புண்ணா, பல்வலியா என்று டாக்டரம்மா கேட்டார். ஒன்றும் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படி இருந்தால் சில சமயம் கண்ணுக்குள்ளும் கெடுதல் நடந்துகொண்டிருக்கலாம், ரத்தத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது, சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

"கண்ணு தெளிவாத் தெரியுதாம்மா?"

"நல்லாத் தெரியுதுங்க. கோயில்ல நான்தாங்க பாடம் வாசிக்கிறேன்."

அப்படியும் கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை வேதத்துக்குள் வைத்துவிட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குச் சற்றுமுன், போதகர் பாடத்தை மாற்றிவிட்டதாகச் சபைக்கே அறிவித்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். உங்கள் அத்தனை பேர் முன்னாலும் பழைய பாடத்தையே ஒப்பித்தேன். பாதியில்தான் யாரும் இருமக்கூட இல்லை என்பது உறைத்தது. என் வீட்டுக்காரர் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். வேதத்தை மூடப்போனவர் கையில் அந்தச் சீட்டு அகப்பட்டது. தேதியைப் பார்த்தார்.

"இன்னா மேரி இது? எங்கிட்டகூட சொல்லலியே. வா, வூட்டுக்குப் போலாம்."

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து விழித்திரை பிய்ந்துபோயிருந்தது. அந்தக் கண் போய்விட்டது. வலது கண்ணை லேசர் வைத்துக் காப்பாற்றினார்கள். முன்னாடியே வந்திருந்தால் இரண்டுமே தப்பியிருக்கும் என்று அங்கே சொன்னபோது என் வீட்டுக்காரர் வெளியே போய் நின்று அழுதார்.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கே கேட்டார். டாக்டரம்மா வாயால் கண் தெரிகிறதா என்று என்னிடம் விசாரித்தவர் அவர்தான். அவரிடம்தான் நான் பொய் சொன்னேன். அப்படியும் ஒரு கண்ணை எனக்கு விட்டுவைத்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது எஸ்தர் பாடம் வாசிக்கிறாள், நான் உட்கார்ந்து கேட்கிறேன். சர்க்கரை உள்ளவர்களே, ஜெபியுங்கள், அவரை நம்புங்கள், டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நான் கூட வருகிறேன்.