பீன்யாவில் ஒரு நிலாத் தரை

காலை ஒன்பது மணிக்கு மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோ பிடித்து பீன்யாவில் இறங்கினேன். தொழிற்பேட்டைக்குள் ஒரு கிலோமீட்டர் போக ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். "மீட்டர் போடுங்கண்ணா" என்றேன். "மீட்டரா? ஊருக்குப் புதுசா மேடம்?" என்று சிரித்தார். சென்னைக்காரி நான், வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

கல்லூரித் தோழி ஸ்டெல்லா வாசலில் நின்றாள். இதே ஊரில் ஆஸ்டின் டவுன்காரி. நிலவில் இறங்கும் இயந்திரங்களுக்குச் சோதனைத் தரை அமைக்கும் சின்ன கம்பெனியில் வேலை. "போன மாசம் மாடலை இறக்கினப்போ கவுந்துடுச்சுடி. தரைக்கு ஓகே சொன்னது நான். மெஷின் மேலதான் தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. இன்னைக்கு மூணு மணிக்கும் கவுந்தா என் வேலை போச்சு," என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட மறந்திருந்தாள், பாவம்.

உள்ளே சுவர், கூரை, கதவுப்பிடி எல்லாம் கறுப்பு. எனக்கும் ஒரு கறுப்பு அங்கி. வெளிச்சம் எதிலும் பட்டுத் தெறிக்கக் கூடாதென்று மூக்குத்தி மேல்கூடக் கறுப்பு டேப் ஒட்டினாள். நிலவில் வெளிச்சத்தைப் பரப்பக் காற்று கிடையாது. அதனால் இங்கும் சூரியனுக்குப் பதில் ஒரே ஒரு விளக்கு. கதவை மூடியதும் என் கை எனக்கே தெரியவில்லை. காதருகே யாரோ மூச்சு விட்டார்கள். "ஐயோ, யாரு?" என்று அலறிவிட்டேன்.

"முருகேஷ் மேடம். தரை போடுறவன்," என்றது இருட்டு.

எங்கள் தலைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. அறை நிறைய அரைத்த பாறைத்தூள், கண் கூசும் வெள்ளை. மேடு பள்ளம் எதுவுமில்லை. "நிழலெல்லாம் தூளுக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கும். படம் பளிச்சுன்னு வரும்," என்றாள் ஸ்டெல்லா. "இரு, உனக்கு ஒரு வேடிக்கை காட்டுறேன்."

விளக்கைப் பக்கவாட்டில் தாழ இறக்கினாள். வெறுந்தரையிலிருந்து விரல்கள் போல நான்கு கரிய நிழல்கள் நீண்டு வந்தன. அளந்து வைத்த சதுரம். சுற்றிலும் ஒரு காலடித் தடம் இல்லை.

"மெஷின் கால் வைக்கிற இடம்டி அது. நாலும்," என்றாள் ஸ்டெல்லா.

இருட்டு கனைத்தது. "நான்தான் மேடம். புது வண்டிக்கு வெப்போம்ல, அப்படி காலுக்கு ஒண்ணா எலுமிச்சம்பழம் பொதைச்சேன். இந்தத் தடவையாவது கவுறாம இருக்கணும்னுதான். என் காலடித் தடத்தையெல்லாம் நெரவி அழிச்சுட்டேன்."

ஸ்டெல்லா திட்டவே இல்லை. "எடுங்க" என்றாள். முருகேஷ் குறுக்கே பலகை போட்டுத் தவழ்ந்துபோய்ப் பழங்களைத் தோண்டி எடுத்தார். நான்கு பள்ளங்கள் விழுந்தன. ஸ்டெல்லா விளக்கை மறுபடி எங்கள் தலைக்குப் பின்னால் கொண்டுவந்தாள்.

பள்ளங்களைக் காணோம். என் கண்முன் தோண்டியவை! எங்கே என்று தேடித் தேடிக் கண் வலித்தது.

"போன மாசம் இந்த வெளிச்சத்துல மட்டும்தான் பார்த்தேன்," என்றாள் மெதுவாக. "நாமளே போட்ட தரைதானேன்னு விளக்கைப் பக்கவாட்டுல இறக்கிப் பாக்கல. தரையிலதான் இப்படிப் பள்ளம் இருந்திருக்கு, மெஷின் மேல தப்பில்லடி."

மூன்று மணிக்குள் பள்ளங்களைத் தூர்த்துவிட்டார்கள். இயந்திரம் கயிற்றில் தொங்கியது. "தரை ஓகேவா?" என்று மேனேஜர் கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும். "இன்னைக்குத் தரை ஓகே சார். போன மாசம் ஓகே இல்ல. அது என் தப்பு," என்றாள். இறக்கிய இயந்திரம் கவிழாமல் நின்றது. அவள் வேலைதான் போய்விட்டது.

சென்னை ரயிலில் வாங்கிய சாப்பாட்டைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். காலையில் அந்த அறையில் நடந்தது எங்கள் மூவருக்குத்தான் தெரியும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஜோலார்பேட்டை தாண்டியும் எனக்கு என்னைக் கண்டுதான் பயமாக இருந்தது.