கவுன்சிலர் குடிக்காத தேநீர்

அக்கா தேநீர் போட்டால் அது வந்தவருக்கு மட்டும்தான். சிறுநீரகங்கள் பழுதான பிறகு, ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு காலையும் அந்த அரை லீற்றரை ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி வைப்பார். இரவுவரை அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலருக்காக அவர் தேநீர் போட்டார். கவுன்சிலர் குடிக்கவில்லை.

கவுன்சிலர் தமிழர், எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். அடுத்த வியாழக்கிழமை தேர்தல்; அவர் இரண்டாம் முறையாக நின்றார். ஆனால் அன்றைக்கு வாக்குக் கேட்டு வரவில்லை. சனிக்கிழமை அக்காவுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. கிழக்கு லண்டனில் கவுன்சில் தற்காலிகமாகக் கொடுத்திருந்த கீழ்மாடி அறையை அவர் விட வேண்டும். வேறு வீடு தந்திருக்கிறார்கள், ரயிலில் மூன்று மணித்தியாலம் தள்ளி வடக்கே ஒரு நகரத்தில். மறுத்தால், வீடு தரும் கவுன்சிலின் கடமை முடிந்தது. மறுபரிசீலனை கேட்பதானால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கேட்க வேண்டும். அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. ஆஸ்பத்திரி இரண்டு பஸ் தரிப்பு தூரத்தில் இருந்தது. புதிய நகரத்தில் அக்காவுக்கு எவரையும் தெரியாது.

நான் லண்டனின் வடமேற்கே ஹரோவில் ஒரு நண்பரின் மேல்மாடி அறையில் இருக்கிறேன். அக்காவால் அந்தப் படிகளில் ஏற ஏலாது. கவுன்சிலின் வீட்டுப் பிரிவுக்கு நான் எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் தானாகப் போகும் பதில்தான் வந்தது. குளிர்காலத்தில் இதே போல் ஒரு கடிதம் வந்தபோது அதை நிறுத்தியவர் இந்தக் கவுன்சிலர்தான்; அப்போது எல்லாம் என் மூலமாகவே நடந்தது, அக்கா அவரைச் சந்திக்கவில்லை. இம்முறையும் அக்கா சார்பில் அவர் மறுபரிசீலனை கேட்பதற்கு ஒரு சம்மதப் படிவத்தில் அக்கா கையெழுத்துப் போட்டு, அது கவுன்சிலின் முத்திரையோடு பதிவாக வேண்டும். அதை எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

திங்கட்கிழமை, வங்கி விடுமுறையன்று, நான் அக்காவிடம் போனேன். படிவம் மேசையில் வெறுமையாகக் கிடந்தது.

“கையெழுத்துப் போடேல்லையோ?”

“போடமாட்டன்” என்றார் அக்கா. “அந்தாள் என்ரை வீட்டில தேத்தண்ணி குடிக்கேல்லை.”

“அக்கா, அவர் மோர்மன். அவையள் தேத்தண்ணி, கோப்பி ஒண்டும் குடிக்கிறேல்லை.”

“அப்ப தண்ணி?”

எனக்குப் புரியவில்லை.

“தேத்தண்ணி வேண்டாம் எண்டார். சரி, தண்ணி குடியுங்கோ எண்டன். அதுவும் வேண்டாமாம். தம்பி, தண்ணி குடிக்கக்கூடாது எண்டுற சமயம் உலகத்தில எங்கயடா இருக்கு? அவரின்ரை ஊரைக் கேட்டன், சொன்னார். விளங்கீட்டுது.”

யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஊரில் எங்கள் வீட்டுக்கு வேலை சொல்ல வருகிறவர்கள் முற்றத்தில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். எவ்வளவு வெயிலிலும் எங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தொடமாட்டார்கள். அந்த ஆட்களின் ஊரைத்தான் கவுன்சிலர் சொல்லியிருந்தார்.

“உந்தக் கதையை வேறை ஆருக்கும் சொன்னனீங்களோ?”

“கோயிலில சொன்னன். ஏன் சொல்லக்கூடாது? எங்கட ஆக்கள் எத்தினை பேர் அவருக்கு வோட்டுப் போடுறவை!”

இதில் என் பங்கு என்ன என்பதையும் எழுத வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன் அவர் முதல்முறை நின்றபோது, ஓர் இலவசத் தமிழ் மாதப் பத்திரிகைக்காக நான் அவரைப் பேட்டி கண்டேன். அகதிகள் விடுதியில் தங்கியிருந்த நாட்களில், வெள்ளைச் சட்டையும் பெயர் அட்டையும் அணிந்த இரண்டு இளைஞர்கள் காசில்லாமல் ஆங்கிலம் படிப்பித்ததையும், பிறகு அவர்களின் சபையில் தான் சேர்ந்ததையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். நான் எழுதவும் எழுதினேன்: “அவர் மோர்மன் சபையைச் சேர்ந்தவர், தேநீர், கோப்பி, மது அருந்துவதில்லை.” பக்கம் அச்சுக்குப் போகும்போது அந்த வரியை நானே வெட்டினேன். குப்பை எடுப்பதையும் வீட்டுப் பிரச்சினையையும் பார்க்கப்போகிறவர் எந்தக் கடவுளைக் கும்பிட்டால் வாக்காளருக்கு என்ன என்று நினைத்தேன். ஊரில் பத்திரிகையில் வேலைசெய்த காலத்திலேயே அது என் கொள்கை. சரியான கொள்கை என்றுதான் இன்றைக்கும் பாதி நினைக்கிறேன். ஆனால் அவர் ஏன் குடிப்பதில்லை என்பதை நான் எழுதாமல் விட்டேன். சனம் தனக்குத் தெரிந்த ஒரே காரணத்தை அந்த இடத்தில் வைத்துக்கொண்டது.

கவுன்சிலருக்குப் போன் செய்தேன். அக்கா சொன்னதைச் சொன்னேன்.

“அண்ணை, அது மாதத்தில முதல் ஞாயிறு. நாங்கள் உபவாசம். ரெண்டு நேரம் தண்ணியும் குடிக்கிறேல்லை. ஞாயிறில நாங்கள் வேலையும் செய்யிறேல்லை. அக்காவின்ரை கடிதம் அவசரம் எண்டபடியால்தான் ஓடிவந்தனான்.”

“அதை அவவுக்குச் சொல்லியிருக்கலாமே?”

“விரதம் எண்டு சொல்லிக்கொண்டு திரியக்கூடாது எண்டு எங்களுக்குப் படிப்பிச்சிருக்கு.”

செவ்வாய்க்கிழமை சுத்திகரிப்பு முடிந்து வந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. “பேப்பர்க்காரன், எதையும் வடிவாச் சொல்லுவாய்” என்றார். பிறகு, இரத்தச் சுத்திகரிப்புக்கு வந்து அடுத்த கதிரையில் இருக்கும் ஜமேக்காக்காரப் பெண்ணிடம் மோர்மன் என்றால் என்ன என்று கேட்டதாகச் சொன்னார். “அவ சொன்னதைப் பற்றி நான் அந்தாளிட்டையே கேக்கிறன். வரச்சொல்லு.”

புதன்கிழமை பின்னேரம் கவுன்சிலர் வந்தார். அடுத்த நாள் வாக்கெடுப்பு. கை நிறையத் துண்டுப்பிரசுரம். அக்கா கட்டிலில் இருந்தபடியே கதிரையைக் காட்டினார். தண்ணீர் கொடுக்கவில்லை.

“தம்பி, உங்கட சபையில முந்திக் கறுப்பு ஆக்களைச் சேத்துக்கொள்ளுவினமாம், ஆனா கோயிலுக்குள்ள விடமாட்டினமாம். உண்மையோ?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாக்கெடுப்புக்கு முதல் நாள் எந்த வேட்பாளரும் விரும்பாத கேள்வி அது. அந்தப் பேட்டியில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் கூட.

“ஓம் அக்கா. உண்மை. குருப்பட்டமும் குடுக்கேல்லை. நான் சேர எத்தினையோ வருசத்துக்கு முன்னமே அதை மாத்திப்போட்டினம்.”

“மாத்தினது சரி. செய்தது பிழை எண்டு சொன்னவையோ?”

“எனக்குப் போதுமெண்டு சொல்லுற அளவுக்குச் சொல்லேல்லை.”

“உங்கட ஊர்க் கோயிலும் பிறகு எங்களுக்குக் கதவைத் திறந்தது” என்றார் அக்கா. “பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ரெண்டு கோயிலும் உங்கட கோயில்தான்.”

கவுன்சிலர் படிவத்தை மேசையில் நேராக்கி வைத்தார். “வெள்ளிக்கிழமை அஞ்சு மணி, அக்கா. நான் தோத்தாலும் இன்னும் ரெண்டு மூண்டு நாளைக்குக் கவுன்சிலர்தான்.”

“யோசிச்சுச் சொல்லுறன்.”

அவர் போன பிறகு நான் அக்காவிடம் கெஞ்சினேன். சண்டை பிடித்தேன். “சாகப்போறியளோ?” என்றுகூடக் கேட்டுவிட்டேன். “அங்க போய்ச் சாகிறதைவிட இங்க ஆருக்கோ கடமைப்பட்டுச் சாகிறது நல்லம் எண்டு நினைக்கிறியோ?” என்று கேட்டுவிட்டு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வியாழக்கிழமை சுத்திகரிப்பு முடிந்து வந்தவர் வாக்களிக்கப் போகவில்லை. நடக்க ஏலாது என்றார். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பகல் வாக்கு எண்ணினார்கள். ஒன்றரைக்கு எனக்குச் செய்தி வந்தது. கவுன்சிலர் தோற்றுவிட்டார். கொஞ்ச வாக்கு வித்தியாசம்தான். கோயிலில் அக்கா சொன்ன கதை எத்தனை வீடுகளுக்குப் போயிருந்தால் அந்த வித்தியாசம் வரும் என்று நான் கணக்குப் பார்க்க விரும்பவில்லை. அக்காவிடம் சொன்னேன். அவர் எழும்பி உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“இப்ப போன் பண்ணு.”

“இப்பவோ? அக்கா, இவ்வளவு நாளும் இருந்திட்டு…”

“இனி அவருக்கு என்னட்டை இருந்து ஒண்டும் தேவையில்லை. இப்ப வாறாரோ பாப்பம்.”

வந்தார். வாக்கு எண்ணுமிடத்திலிருந்து நேரே, சட்டையில் குத்தியிருந்த கட்சியின் நாடாப் பூவைக் கழற்ற மறந்து. அக்காவைக் காரின் முன் சீற்றில் இருத்தி, மூன்றே முக்காலுக்கு எங்களைக் கவுன்சில் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். போகும் வழியில் வீட்டுப் பிரிவில் தனக்குத் தெரிந்த அதிகாரிக்கு மூன்று முறை போன் எடுத்தார். முன்பெல்லாம் இரண்டாவது மணியில் எடுக்கிறவராம். எடுக்கவில்லை.

வரவேற்பில் இருந்த பெண் கவுன்சிலருடைய அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு தன் கணினித் திரையைப் பார்த்தார். முடிவு அங்கேயும் வந்திருக்க வேண்டும். மரியாதையாகத்தான் பேசினார்: மற்றவர்களைப் போல இலக்கம் எடுத்து இருக்கச் சொன்னார். எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். கவுன்சிலர் மறுபடியும் எழும்பிப் போய், படிவத்தை வாங்கி ஒரு முத்திரை குத்தித் தந்தால் போதும் என்று கேட்டார். இலக்கம் வரும்போது குத்துவார்கள் என்று பதில் வந்தது.

நாலரையாகியும் எட்டுப் பேர் இருந்தார்கள். கவுன்சிலருடைய உதடு காய்ந்து வெளிறியிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டார். அன்றைக்கு விரதமும் இல்லை.

அக்கா கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்தார். அடியில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தது. இரவுவரை அக்காவுக்கு அவ்வளவுதான்.

“இண்டைக்குக் குடிக்கலாமோ?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா.”

அது என்ன தண்ணீர் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். கவுன்சிலர் முழுவதையும் குடித்துவிட்டு, போத்தலை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். மூன்று பேரும் இலக்கப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு காவலாளி வந்து வெளிக்கதவின் ஒரு பாதியைச் சாத்தினான். எங்களுக்கு முன்னால் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள்.