செல்வமணிக்கு வந்த நவீன சிகிச்சை

மனநல கிளினிக்கில் தாதியாக இருப்பவளுக்கு நோயாளிகளால் பைத்தியம் பிடிப்பதில்லை. மேலிடம் அனுப்பும் முன்னேற்றங்களால்தான் பிடிக்கிறது. ஏதாவது ஒரு கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தொலைத்தவர்களுக்கு இது புரியும். பதுளையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கிளினிக்கில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

புது மாத்திரை

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள் செல்வமணி. காதுக்குள் யாரோ அவளைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் போட்ட ஊசி குரலை அடக்கியது. கூடவே விரல்களையும் விறைக்க வைத்தது. கொழுந்து கிள்ள முடியாதவளைத் தோட்டத்தில் வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் புது மாத்திரை வந்தது. விரல் இளகியது, கூடை நிறைந்தது. அந்தச் சந்தோஷத்தோடு தோட்டத்துக்குப் போனால், அவளை வேலை வாங்கும் கங்காணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிரே வந்தார்: "பாத்தீங்களா மிஸ்ஸி, நான் கட்டிவிட்ட தாயத்து இப்பதான் வேல செய்யுது."

கொழும்பு டாக்டர்

சில வருஷத்தில் எங்கள் டாக்டர் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கொழும்பிலிருந்தே டாக்டர் திரையில் பார்ப்பாராம். விளக்கேற்றினார்கள், கேக் வெட்டினார்கள். முதல் நோயாளி செல்வமணி. தீபாவளிச் சேலையில் வந்திருந்தாள்.

"தூக்கமே வர்றதில்லைங்க" என்று அவள் தொடங்கியதும் திரை உறைந்தது. டாக்டர் வாயைப் பிளந்தபடி அசையாமல் நின்றார். இந்தத் திட்டத்துக்கென்று நிறுவனம் அனுப்பிய அதிகாரி கம்ப்யூட்டரின் மண்டையில் தட்டிக்கொண்டிருந்தார். செல்வமணி என் பக்கம் குனிந்தாள்: "பாவம் மிஸ்ஸி, டாக்டருக்கு எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

குறுஞ்செய்தி

அடுத்தது செல்போன். மாத்திரையை நினைவூட்டி நோயாளியின் வீட்டுப் போனுக்குத் தினமும் ஒரு செய்தி, சுத்தமான ஆங்கிலத்தில். இனி நேரில் போய்ப் பார்க்க வேண்டாமென்று அதிகாரி என் தோட்டப் பயணங்களை நிறுத்தினார். செய்தி போய்ச் சேர்ந்ததென்று திரையில் பச்சைப் புள்ளி விழுந்தால் போதும், அவருக்கு எல்லா நோயும் குணம்.

செல்வமணி கிளினிக் வருவது நின்றது. லீவு போட்டு பஸ் ஏறினேன். தோட்டத்து லயத்தில், அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு, என்னை அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை எப்போதோ முடிந்திருந்தது. வந்த செய்திகளையெல்லாம் விளம்பரமென்று புருஷன் அழித்துவிட்டிருந்தான். அன்றே கூட்டிவந்தேன். அவள் தெளிந்து மறுபடி கொழுந்தெடுக்க மலையேற மாதங்கள் ஆயின.

தெளிந்தவளிடம் அதிகாரி விசாரணைக்கு வந்தார்: செய்திகளை ஏன் மதிக்கவில்லை? செல்வமணி அவரை நிதானமாகப் பார்த்தாள்: "என்னையத் திட்டுற கொரலுகூட தமிழ்லதாங்க பேசுது, ஒங்க போனுக்கு மட்டும் என்னாங்க கேடு?"

இதை அவர் ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியதோடு எங்கள் கிளினிக்கின் முன்னேற்றம் இனிதே நிறைவுற்றது.