லேன்சர் பென்னி

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்க்கிறான் பென்னி. மல்லிகைச் சரத்தை முகர்கிறவனைப் போல அத்தனை அக்கறை. பிறகு எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போகிறான். மலையில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் இதுதான் முதல் வேலை. டீயெல்லாம் அதற்கப்புறம்தான்.

"பிரேக்குல சுடு வாசம் வந்தா செத்த ஆற உடோணுங்க. கருகுன வாசம் வந்தா வண்டிய அங்கயே உட்டுப்போட்டு நடந்து போயிரோணுங்க" என்பான் கேட்பவர்களிடம்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறான். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி ஆள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் தேய்ந்த டூத் பிரஷ் ஒன்று இருக்கும். நட்டுகளின் மரையில் ஏறிய மண்ணைத் தேய்த்து எடுக்க அது. அவன் அப்பா அதே எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர். சித்தப்பா வெள்ளக்கடை வழியில் மினி பஸ் ஓட்டினார். தாய்மாமன் ஒருவர் மட்டும் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கப் போய்விட்டார். அவரைப் பற்றிப் பேசும்போது இப்போதும் அந்த வீட்டில், "பாவம், லைசென்ஸ் எடுக்கல" என்பார்கள்.

சேலத்துக்கு இறங்கும் ரோட்டில் வெளியூர்க் கார்களைக் கண்டால் பென்னிக்கு வாய் சும்மா இருக்காது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்துவான். "ஏனுங்க சார், கீர்ல எறக்குங்க! நியூட்ரல்ல எறக்குனா பெட்ரோல் மிச்சம், ஆளு மிச்சமில்லீங்க!" சிலர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். சிலர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவன் லேன்சர் ஆசையில் விழுந்தது தனிக் கதை. கொட்டச்சேட்டில் ஒரு பங்களாவுக்கு அவன் காப்பி மூட்டை ஏற்றப் போவதுண்டு. அந்த வீட்டுப் பையன் புதிதாக வாங்கிய சிவப்பு லேன்சர் காரை எடுத்துக்கொண்டு வளைவில் திரும்பினால், மிளகுக் கொடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் சத்தம் கேட்கும். தாழ்வான கார், அகலமான டயர். ஒதுங்கி வழிவிட்ட ஜீப்பில் பென்னி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அப்போதுதான் கல்யாணமான புதிது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோஸ்லின் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, "பாத்தது போதுமுங்க, ரோட்டப் பாருங்க" என்றாள்.

பையன் வெளிநாடு போனான். கார் பங்களாவுக்குப் பின்னால் பலாமரத்தடியில் நின்றது. மழைக்காலம் மழைக்காலமாக நின்று, கண்ணாடி ஓரமெல்லாம் பாசி பிடித்தது. டயர்கள் மண்ணில் உட்கார்ந்தன. சீட்டுப் பஞ்சைப் பிடுங்கி எலி குட்டி போட்டது. மூட்டை ஏற்றப் போகிற ஒவ்வொரு முறையும் பென்னி அதன் கூரையில் விழுந்த இலைகளைத் துடைத்துவிட்டு வருவான். யாரும் சொல்லித் துடைக்கவில்லை. கடைசியில் பங்களாவையே விற்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கேட்டு வாங்கிவிட்டான்.

வாங்கியவன் என்ன செய்தான்? பேட்டரி மாற்றினான். டேங்கைக் கழுவினான். டயர் போட்டான். பாசியைச் சுரண்டி, பாலிஷ் போட்டு, சிவப்பைச் சிவப்பாக்கினான். பிரேக்கை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். "ஓடற வண்டி நிக்காமயா போயிரும்?" என்றான் மெக்கானிக் சக்திவேலிடம். ஆசை வந்தால் அறிவு ஒதுங்கி வழிவிட்டுவிடும்போல.

ஜோஸ்லினின் அக்கா அற்புதம் சேலத்தில் புதுவீடு கட்டி, சர்ச் சாமியாரை அழைத்து வீடு மந்திரிப்பு வைத்திருந்தாள். பரிசாகக் கொடுக்க வாங்கிய மிக்ஸிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஜோஸ்லின் லேன்சரில் ஏறினாள். பாதி மலை இறங்கியபின் பென்னிக்கு ஓர் ஆசை. எஞ்சின் சத்தமே இல்லாமல் இந்தக் கார் மிதந்து போவதை அவள் கேட்க வேண்டும்.

"கேளு புள்ள, ரோடு ஓடறதே தெரியல பாரு" என்று இடது கையால் கீரைத் தள்ளி நியூட்ரலில் விட்டான்.

அவன்தான். ஊருக்கெல்லாம் கத்திச் சொல்கிறவனேதான். கீர் பிடிக்காத வண்டியை வளைவுக்கு வளைவு பிரேக் ஒன்றே தாங்கியது. பழைய பிரேக் ஆயில் சூடேறிக் கொதித்தது. கொஞ்ச தூரத்தில் பெடல் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்து ஓடையில் ஒரு சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசி நிறுத்தினான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மிக்ஸிக்கும் இல்லை.

பின்னால் வந்த பஸ் நின்று ஆட்கள் இறங்கி ஓடிவந்தார்கள். பென்னி கையை விரித்தான். "பிரேக்கு போயிருச்சுங்க. வண்டி வாகு அப்பிடி. நிறுத்தி வெச்ச வண்டிதானுங்களே." ஜோஸ்லின் அவனைப் பார்த்தாள். நடுவில் ஆடிக்கொண்டிருந்த கீரைப் பார்த்தாள். கார் ஓட்டத் தெரியாதவள்தான், ஆனால் டிரைவர் பக்கத்திலேயே வாழ்ந்தவள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

சாயங்காலம் அற்புதத்தின் வீட்டில் அத்தனை சொந்தக்காரர்களுக்கு மத்தியில் அவன் இன்னொன்றும் சொன்னான். "இவ நொம்பப் பயந்துட்டாங்க. இனி நம்ம வண்டியில ஏறமாட்டா பாருங்க" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனுடைய டம்ளரைத் தாண்டி அடுத்த டம்ளருக்குப் போனாள். அன்று அவனோடு மலை ஏறவில்லை. அக்காவுக்கு முட்டி வலி, கூடமாட இருக்கிறேன் என்றாள். மாதங்களாகியும் அக்காவின் முட்டி வலி தீரவில்லை.

ஜோஸ்லினின் அம்மா தங்கம்மாவைத் தெரிந்தவர்கள் இதில் ஆச்சரியப்படமாட்டார்கள். ஒரு காலத்தில் எஸ்டேட்டில் கணக்கு எழுதிய ரைட்டர், பறித்த காப்பிப் பழத்தை நிறை போடும்போது தங்கம்மா பொய் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷி சண்டை போடவில்லை. ரைட்டர் வந்து தப்பு என்று சொல்லும்வரை அவர் ஆபீஸ் வழியாக நடக்காமல், மலையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஜோஸ்லினுக்கும் அதே ரத்தம்.

பென்னி தனக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தில் இறங்கினான். லேன்சரை இழுத்துக்கொண்டு வந்து சக்திவேலின் ஷெட்டில் ஏற்றினான். சக்திவேல் கீழே சேலத்துக்காரன். கையைவிட வாய் வேகமானவன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ஏனுங்ணா, இது பிரேக்குங்களா, பழைய இரும்புக் கடைங்களா? டிஸ்க்கு ரெண்டும் திட்டுத் திட்டாத் தேஞ்சு கெடக்குது. காலிப்பரு துருப்புடிச்சுச் சிக்கிக்கிச்சு. இத நம்பி அக்காளையும் ஏத்திட்டுப் போயிருக்கறீங்க."

சாமான்கள் கோயமுத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தன. இந்தக் காருக்கு இப்போது எதுவும் லேசில் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும். டிஸ்க், பேடு, பின் டிரம்முக்கு லைனிங், ரப்பர் ஓஸ். துருவேறிய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு மரையாகத் தேய்த்தான் பென்னி.

பிரேக் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து நிப்பிளைத் திறந்து காற்றையும் ஆயிலையும் விட வேண்டும். பென்னிக்கு இந்த வேலையில் எப்போதும் ஜோஸ்லின்தான் துணை. எஸ்டேட் ஜீப்பை வீட்டு வாசலில் நிறுத்தி அவன் அடியில் படுத்துக்கொள்வான். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்காருவாள். "புடி கண்ணு" என்றால் பிடிப்பாள், "உடு கண்ணு" என்றால் விடுவாள். கடைசியில், "இப்பக் கல்லாட்டம் இருக்குதுங்க" என்று அவள் சொன்னால்தான் அவன் வெளியே வருவான். அவள் கால் சொன்னால் அப்பீல் கிடையாது.

அன்று சீட்டில் சக்திவேல். அடியிலிருந்து பென்னி குரல் கொடுத்தான். "புடி கண்ணு."

மேலே பெடல் அசையவில்லை. பிறகு சக்திவேல் சொன்னான். "ஏனுங்ணா, எனக்கு வெக்கமா இருக்குதுங்ணா."

பென்னி சிரிக்கவில்லை. வேலை முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தான். "தூங்கிட்டீங்களாங்ணா?" என்று சக்திவேல் குனிந்து பார்த்தான். பார்த்தவன் நிமிர்ந்து டீ சொல்லப் போய்விட்டான்.

வாராவாரம் ஜோஸ்லினுக்குப் போன் செய்வான். வேறு பேச வராது. வண்டிக் கணக்கைத்தான் ஒப்பிப்பான்.

"முன்டிஸ்க்கு ரெண்டும் புதுசு போட்டாச்சு."

"சரிங்க."

"லைனிங்கும் மாத்தியாச்சு. ஓஸு, ஆயிலு, எல்லாம் புதுசு."

"சரிங்க. சாப்டீங்களா?"

பிரேக் முடிந்ததும் சீட்டைத் தைத்தான். எலி நாற்றம் போகக் காப்பித்தூளை மூட்டையாகக் கட்டி உள்ளே வைத்தான். மங்கிய ஹெட்லைட்டை மெருகேற்றினான். வீட்டில் அவளுடைய தையல் மிஷினுக்குக்கூட எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்தான். ஒரு நாள் போனில், "இனி மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல ஜோசு" என்றான்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. "எல்லாத்தையும் மாத்திப்போட்டீங்க. அந்த எடது கைய மாத்துனீங்களா?" என்று கேட்டாள் ஜோஸ்லின். அவன் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

அதற்குப்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் லேன்சரை எடுத்துக்கொண்டு தனியாக மலை இறங்குவான். இரண்டாவது கீரில், மாட்டு வண்டியைப் போல. அடிவாரம் செக்போஸ்ட்டில் நிறுத்தி, நான்கு சக்கரத்தையும் முகர்ந்துவிட்டு, டீக்கடையில் சேலம் பக்கம் பார்த்து உட்காருவான். அற்புதத்தின் வீடு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். போகமாட்டான். டீ ஆறி ஏடு கட்டும். எழுந்து வண்டியைத் திருப்பி மேலே வந்துவிடுவான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிறு, மலையிலிருந்து இறங்கிய கார் ஒன்று சக்கரத்தில் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டிவந்தவன் இளவட்டம். அவன் மனைவி குழந்தையை அணைத்துக்கொண்டு இறங்கினாள். "பிரேக் சரியில்ல. சர்வீஸ் பண்ணவன் ஏமாத்திட்டான்" என்றான் அவன், எல்லோருக்கும் கேட்கும்படி. டீக்கடை ஆட்கள் பென்னியைப் பார்த்தார்கள். இந்தா, ஆரம்பிக்கப் போகிறான் என்று. மலையேறும் பஸ்ஸும் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. கண்டக்டர் லோகேஷ் படியில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். அற்புதம் இருக்கும் தெருவில்தான் அவனும் குடியிருக்கிறான்.

பென்னி வாயைத் திறந்தான். மூடினான். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான்.

"நியூட்ரல்ல எறக்குனீங்களா தம்பி?" குரல் ஏறவில்லை. "நானும் அப்பிடித்தா எறக்குனன். ஊட்டுக்காரிய வெச்சுக்கிட்டு. ஊருக்கெல்லாம் சொல்லற நாந்தா நியூட்ரல் போட்டன். பழிய வண்டி மேல போட்டுட்டு, அவ பயந்துட்டான்னு பத்து சனத்துக்கு முன்னால சிரிச்சன். அவ பயப்படலீங்க. நாந்தா பயந்தன், சொல்லறதுக்கு."

லோகேஷ் விசிலை வாயிலிருந்து எடுத்து, "அண்ணா, இத நா கேட்டதாச் சொல்லலாமுங்களா?" என்றான்.

"சொல்லு சாமி" என்றான் பென்னி.

அந்த வாரம் அவன் போன் செய்யவில்லை. அவள் செய்தாள். "ஞாயித்துக்கெழம அடிவாரம் வர்றனுங்க" என்றாள். அவ்வளவுதான்.

டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு கட்டைப்பையோடு இறங்கினாள் ஜோஸ்லின். பென்னி ஓடிப்போய்ப் பையை வாங்கக் கை நீட்டினான். கொடுக்கவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"எளச்சுத்தாம் போச்சு" என்றாள்.

"வண்டியா, நானா?"

"ரெண்டுந்தானுங்க."

ஏற்காடு பஸ் வந்து நின்றது. லோகேஷ் விசிலை ஊதாமல் காத்திருந்தான். ஜோஸ்லின் லேன்சரின் முன்கதவைத் திறந்தாள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் பையை வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"இது உங்ககூட வரட்டும். நா பஸ்ல வர்றன்."

"அப்ப அடுத்த தடவ?"

"மொதல்ல இது ஊடு வந்து சேரட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பென்னி காரில் உட்கார்ந்தான். பஸ் நகர்ந்தது. அவன் சாவியைத் திருகவில்லை. பக்கத்து சீட்டுப் பக்கம் சாய்ந்து, பெல்ட்டை மெதுவாக இழுத்து, அந்தக் கட்டைப்பைக்குக் குறுக்கே போட்டு, சொடக்கென்று மாட்டினான்.