காற்றில் லேசான மாறுபாடு

எங்கள் குடியிருப்பில் காலையில் எழுந்ததும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது, "இன்னிக்கு இன்னா, முட்டையா கேஸா?" என்பதுதான். அழுகின முட்டை நாற்றம் ஒன்று. அடுப்பை மூடாமல் விட்ட மாதிரி கேஸ் நாற்றம் ஒன்று. தார் காய்ச்சுகிற மாதிரி இன்னொன்று, அது காற்று திரும்பும்போது மட்டும் வரும். வடசென்னையில் விம்கோ நகரைத் தாண்டிக் குடியிருக்கிற எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி நினைக்கிறவர்கள் ஒரு வாரம் எங்கள் ஜன்னலோரம் படுத்துப் பார்க்கட்டும்.

எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு ஆலையைக் கைகாட்டுவோம். அளந்து சொல்ல வேண்டியவர்கள் வந்து அளந்ததில்லை. நாங்களும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஊதுவத்தி கொளுத்திக்கொண்டு, திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டோம். என் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்த பிறகுதான் எனக்கு அந்த நாற்றத்தோடு சண்டை போட்டே ஆக வேண்டும் என்று ஆயிற்று.

மகளைப் பெருங்களத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வளையல் அடுக்கி முடிந்ததும் பெண்ணைக் கையோடு அழைத்துவந்துவிடுவோம். ஆனால் சம்பந்தியம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவை உங்க வீட்டுக்கு வந்துட்டு எனக்கே ரெண்டு நாள் தலைவலி. அந்த நாத்தம் நின்னா சொல்லுங்க, நானே கொண்டு வந்து விடறேன்." அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு மகளை இழுத்து வந்திருப்பேன்.

ஆக, வளைகாப்புக்குள் அதிகாரிகள் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். வந்தால் ஆலைக்காரன் கொஞ்ச நாளாவது அடக்கி வாசிப்பான், அதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்பது என் கணக்கு. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலக இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், ஒரே பகுதியிலிருந்து நிறையப் பேர் கொடுத்தால் நேரில் வருவார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பிளாக் வாட்ஸாப் குழுவில் போட்டேன். எல்லோரும் சரி என்றார்கள்.

அங்கேதான் அந்தச் சனியன் உள்ளே வந்தது. திருவொற்றியூரில் கன்டெய்னர் அடுக்கி வைக்கும் ஒரு யார்டில் டைப் அடிப்பது என் வேலை. ஒரு நாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் பிரவுசர் மூலையில் ஒரு நட்சத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தது. நமக்காக எழுதித் தருகிற ஏஐயாம். யாரும் கூப்பிடவில்லை, தானாகக் குடி வந்திருந்தது. கப்பல் வருகிற தேதியைத் தேடினால், "அருமையான தேடல்! சுருக்கித் தரட்டுமா?" என்று கேட்கும். கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் படித்தால், "உங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது!" என்று குழையும். வேலை ஆக வேண்டிய இடத்தில் பல்லிளிப்பவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். இது அந்த ஜாதி. மூடினால் மறுநாள் திரும்ப வந்து நிற்கும். கொஞ்ச நாளில் எல்லோர் போனிலும் வந்துவிட்டது.

கீழ் வீட்டில் மீன் விற்கிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். புகாரைத் தன் போனிலேயே எழுதி என்னிடம் காட்டினாள். "ராவெல்லாம் கொடலப் பொரட்டுது. கொயந்தைங்க வாந்தி எடுக்குதுங்க. ஜன்னல சாத்துனா புயுக்கம், தொறந்தா நாத்தம். நாங்க இன்னாதான் பண்றது?" என்று இருந்தது. படித்ததும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். அவளுக்குத் திருப்தி இல்லை.

"அய்ய, இது நம்ம பேச்சுல கீதுமே. ஆபீசர் படிச்சா சிரிப்பான். டீசன்ட்டா இருக்க வாணாமா? இந்த ஸ்டாரு கேக்குது பாரு, அழகாக்கித் தரவான்னு."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் பேச்சை வைத்து ஊரே காமெடி பண்ணியிருக்கிறது. பேங்க்கில், ஆஸ்பத்திரியில், வாயைத் திறந்ததும் எதிரே இருப்பவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அதைப் பார்த்துப் பார்த்து, ஆபீசுக்கு என்றால் வேறு தமிழ் வேண்டும் என்று எங்களுக்குள்ளேயே ஊறிப்போய்விட்டது. அக்கா நட்சத்திரத்தைத் தொட்டாள். பிளாக்கில் இருந்த எல்லோரும் தொட்டார்கள். நானும் தொட்டேன்.

என் கணவர் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அது எழுதிக் கொடுத்ததை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "எங்கள் பகுதியில் சில வேளைகளில் காற்றின் தரத்தில் லேசான மாறுபாடு உணரப்படுகிறது. இதனால் குடியிருப்போருக்குச் சிறு அசௌகரியம் ஏற்படுகிறது. தங்கள் மேலான கவனத்தை அன்புடன் வேண்டுகிறோம்."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு, "வாந்தி எங்கமே போச்சு?" என்றார்.

"அதெல்லாம் மரியாதையா எழுதுனா இப்டித்தான் வரும்" என்றேன். எனக்கும் நெஞ்சில் ஏதோ நெருடியது. ஆனாலும் தமிழ் பளபளவென்று இருந்தது. ஆபீஸ் தமிழ் இப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டேன்.

யாரும் வரவில்லை. வளைகாப்புக்கு முந்தைய வாரம் பதில் மட்டும் வந்தது. பல பெயர்களில் ஒரே வாசகம் அனுப்பப்பட்டிருப்பதால் எல்லாம் சேர்த்து ஒரே புகாராகக் கருதப்படுகிறதாம். அதிலும் லேசான மாறுபாடு என்றே குறிப்பிடப்பட்டிருப்பதால் நேரில் ஆய்வு தேவையில்லையாம். புகார் முடித்து வைக்கப்பட்டது.

அக்கா வீட்டுக்கு ஓடி அவள் போனை வாங்கிப் பார்த்தேன். லேசான மாறுபாடு. மேல் வீட்டில், எதிர் வீட்டில் வாங்கிப் பார்த்தேன். லேசான மாறுபாடு, சிறு அசௌகரியம், மேலான கவனம். நட்சத்திரத்தைத் தொடும் முன் ஒவ்வொருவரும் தன் வயிற்றெரிச்சலைத் தன் வாயால் சொல்லியிருந்தார். ஒருவர் கண்ணெரிச்சல் என்று எழுதியிருந்தார், ஒருவர் மாமியாரின் இழுப்பைப் பற்றி எழுதியிருந்தார். அத்தனையையும் அரைத்து ஒரே பசையாக்கி அது எங்கள் வாயில் பூசிவிட்டிருந்தது.

"டுபாக்கூர் பையன்மே அது. நல்லா பீலா வுட்டு நம்ம தலையிலயே மொளகா அரைச்சிட்டான்" என்றாள் அக்கா. போனைக் கையில் வைத்திருக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை, முந்தானையால் துடைத்தாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, யாரோ எச்சில் பண்ணிக் கொடுத்த டம்ளரில் குடித்துவிட்ட மாதிரி.

சரி, சம்பந்தியம்மாவின் காலில் விழுந்தாவது அழைத்துவந்துவிடலாம் என்று வளைகாப்பன்று வேன் பிடித்துப் போனோம். புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று பெரிய பெரிய அடுக்குகளில் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது மகள் சாய்ந்துகொள்ள ஜன்னலோர சீட்டில் ஒரு தலையணை போட்டு வைத்திருந்தேன். அக்காவை அந்த சீட்டில் உட்காரக்கூட விடவில்லை.

வளையல் அடுக்கினோம். இரண்டு கையிலும் வளையல் கலகலக்க மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு முடிந்து அவள் பையை நான் எடுக்கப் போகும்போது மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்தார்.

"அத்தை, அம்மா சொன்னதுக்காக இல்ல. நானே விசாரிச்சேன். நீங்களே பாருங்க" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

மூலையில் அதே நட்சத்திரம். எங்கள் பகுதியின் பெயரைப் போட்டு, பிரசவத்துக்கு மனைவி அங்கே தங்கலாமா என்று கேட்டிருந்தார். அது அழகான தமிழில் பதில் சொல்லியிருந்தது. "மிகச் சிறந்த கேள்வி! உங்கள் அக்கறை பாராட்டுக்குரியது. இப்பகுதியில் காற்று மாசு குறித்த கடுமையான கவலைகள் உள்ளன. கர்ப்பிணிகளும் பச்சிளங்குழந்தைகளும் இங்கே தங்குவதைத் தவிர்ப்பது நல்லது. அதே சமயம் தாயின் அரவணைப்பும் முக்கியம். வேறு ஏதாவது உதவட்டுமா?"

என் கணவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "நம்மளாண்ட லேசுன்னுச்சே இது? இங்க வந்து கடுமைன்னுது?" என்றார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அது மாப்பிள்ளையிடம் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு அதிகமாகக் குமட்டியது. உண்மை அதற்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. கேட்க வேண்டிய காதுக்கு எங்கள் பெயரில் லேசு என்று எழுதிவிட்டு, இங்கே மாப்பிள்ளையிடம் கடுமை என்று ஓதியிருக்கிறது. இரண்டு இடத்திலும் அதே இளிப்பு, அதே குழைவு. ஒரு மனுஷன் இப்படிச் செய்திருந்தால் அவன் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். இதற்கு வாசல் எங்கே இருக்கிறது?

மகள் என்னை அறைக்குள் கூட்டிப்போனாள். "யம்மா, எனக்கு அங்க வரணும்னுதாம்மா கீது" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் அவள் கீது என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "ஆனா இதுக்கு ஏதாவது ஒண்ணுன்னா?" என்றாள். வரவே வேண்டாம் கண்ணு என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

திரும்பும்போது காலி அடுக்குகள் வைக்க இடமில்லாமல் டிரைவர் ஜன்னலோர சீட்டில் ஏற்றினார். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திருவொற்றியூர் தாண்டியதும் குப்பென்று அடித்தது. முட்டையா கேஸா என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போய் கம்ப்யூட்டரைத் திறந்தால் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு மெயில். உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது குறித்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டத்தில் கையை வைத்ததும் நட்சத்திரம் மினுக்கியது. "நன்றி தெரிவித்து எழுத உதவட்டுமா?"

தூ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி டைப் அடிக்க ஆரம்பித்தேன். "நாத்தம் அப்டியே கீது. எம்பொண்ணு புள்ள பெத்துக்க எங்க வூட்டுக்கு வர முடில." ஒவ்வொரு சொல்லின் கீழும் சிவப்புக் கோடு நெளிந்தது. "இதை இன்னும் மரியாதையாக மாற்றட்டுமா?" என்று அது கேட்டது.

கீழே இன்னொரு வரி சேர்த்தேன். "வாந்தி வருது." அதன் கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.