பெற்றோர் வரிசையில் ஒரு மாணவன்

முதலிலேயே என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். கல்லூரியில் சேர்ந்தது நான். முதல் நாள் போய் உட்கார்ந்தது பெற்றோர் வரிசையில். அதோடு விட்டேனா? எனக்கு இல்லாத ஒரு மகளையும் அங்கே கை காட்டினேன்.

போன வருடம், பெங்களூருவில் மழை ஆரம்பித்திருந்த சமயம். சிவாஜிநகர் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு கல்லூரி. எனக்கு நாற்பத்தியொரு வயது. ஏசி மெக்கானிக். ஊர் ஆம்பூர் பக்கம். மனைவியும் எட்டாவது படிக்கும் பையனும் அங்கே இருக்கிறார்கள். நான் இங்கே அல்சூரில் ஓர் ஒற்றை அறையில், என்னோடு நானே குடித்தனம் நடத்துகிறேன்.

எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக டிகிரி வேண்டும். நான் ஏணி பிடித்துக் கற்றுக்கொடுத்த பையன்களெல்லாம் டிகிரி வைத்துக்கொண்டு கீழே நின்று எனக்கே உத்தரவு போட ஆரம்பித்தார்கள். ரோஷம் வந்து, ஒரு மாலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும்தான். காரணம் இருக்கிறது. ஆங்கிலப் பேச்சு வகுப்பில் நான் தாக்குப்பிடித்தது ஒன்பது நாள். உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று நாள், அதில் ஒரு நாள் படம் எடுத்துக்கொள்ளப் போனது. இதையும் சொன்னால், "எத்தனை நாளைக்கு?" என்றுதான் கேட்பாள்.

சேர்ந்த இரண்டாவது வாரம் கல்லூரியிலிருந்து ஒரு தகவல் வந்தது. வகுப்புகள் தொடங்குமுன் புது மாணவர்களை வரவேற்கும் ஓரியன்டேஷன், சனிக்கிழமை காலை முதல் மாலை வரை. பை, பேனா, மதியச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கட்டணம். அவசியம் வரவேண்டும் என்று சொல்லவில்லை, வந்தால் மகிழ்ச்சி என்று போட்டிருந்தார்கள். எங்கள் தொழிலில் சனிக்கிழமைதான் அறுவடை. அலுவலகங்கள் பூட்டியிருக்கும், மொத்த ஏசியையும் கழற்றி மாட்டலாம், கூலியும் கூடுதல். அதை விட்டுவிட்டு, கையில் இருப்பதையும் கட்டி, ஆறிப்போன புலாவ் சாப்பிடப் போவதா?

மூன்று நாள் ஏணி மேலேயே யோசித்தேன். யாரிடமாவது கேட்கலாம் என்றால் ஆள் கிடையாது. நான் பிறவி வாயாடி, ஆனால் வாயாட எதிரில் ஒரு முகம் வேண்டுமே. நாள் பூராவும் அடுத்தவர் வீட்டுப் படுக்கையறைச் சுவரைப் பார்த்து வேலை செய்கிறவன் நான். நான் சொல்கிற நகைச்சுவைக்கு ஏசி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடையில் "ஒண்ணு" என்று சொல்வதற்கு மட்டும் வாய் திறந்த வாரங்கள் உண்டு. கடைசியில் போவதென்று முடிவு செய்தேன். படிப்பு மீதிருந்த பக்தியால் அல்ல. ஒரு நாள் முழுக்க நாலு பேர் நடுவில் உட்காரலாமே என்ற ஆசைதான்.

முதலாளியிடம் விடுப்புக் கேட்கப் போனேன். "எனக்குக் காலேஜ்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, "பொண்ணுக்குக் காலேஜ் சார்."

"பொண்ணு காலேஜா? போயிட்டு வாங்க. அதுக்குக்கூட போகலன்னா என்ன அப்பா நீங்க" என்றார். ஆறு வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறேன். எனக்கு இருப்பது ஒரே ஒரு பையன் என்பது அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு போய் இறங்கினேன். வாசலில் ஒரு மாணவி என் முன்வழுக்கையைப் பார்த்ததுமே, "பேரன்ட்?" என்று கேட்டு ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் நெஞ்சைக் காட்டினேன், ஒட்டிவிட்டாள். பகல் கல்லூரி, மாலைக் கல்லூரி இரண்டுக்கும் சேர்த்து ஒரே கூட்டம். மாணவர்கள் முன்னால், பெற்றோர்கள் பின்னால். நானும் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் லிங்கராஜபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. தையல் கடை வைத்திருக்கிறாராம். மகன் பகல் வகுப்பு. அந்தப் பக்கம் இருந்தவரோடு கன்னடம், இந்தப் பக்கம் என்னோடு தமிழ் என்று இரண்டு கையாலும் பரிமாறுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒருவர் அவ்வளவு நேரம் பேசி எத்தனை நாளாயிற்று! அந்தக் குஷியில், பிள்ளை யார் என்று அவர் கேட்டதும் பொண்ணு என்றேன்.

"எங்க, காமிங்கண்ணா."

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஈரக்குடை. இரண்டு பக்கமும் நாற்காலி காலி. யாருடைய பிள்ளை என்று சண்டைக்கு வர ஆளில்லாத மாதிரி தெரிந்தது. கையை நீட்டிவிட்டேன். "ஒல்லியா இருக்கு, நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. ஹாஸ்டல் சாப்பாடு என்று நான் மேலும் அளந்தேன்.

அப்புறம்தான் வினை ஆரம்பித்தது. ஒவ்வொரு மாணவராக மேடைக்குக் கூப்பிட்டு அடையாள அட்டை கொடுத்தார்கள். அட்டை வாங்கியதும் அவருடைய பெற்றோர் எழுந்து நிற்கவேண்டும், எல்லோரும் கைதட்டுவார்கள். மாலை வகுப்பு வந்ததும் மைக்கில் இருந்த பேராசிரியை இன்னொன்றும் சொன்னார். இடத்துக்கு நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், இன்று வருவதாகக் கட்டணம் கட்டிவிட்டு இரண்டு முறை கூப்பிட்டும் மேடைக்கு வராதவர்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வோம் என்றார். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குடைப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவளும் மாலை வகுப்பு. அட்டையை வாங்கிக்கொண்டாள். பெற்றோர் எங்கே என்று கேட்டதற்கு, "யாரும் வரல மேடம்" என்றாள். மைக் வழியாக அது மண்டபம் முழுக்கக் கேட்டது. கைதட்டத் தயாரான கைகள் அப்படியே நின்றன.

தையற்கடை அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னண்ணா, பொண்ணு யாரும் வரலன்னுது, நீங்க கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க?" கேட்ட கையோடு என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, அப்பா இங்கேதான் இருக்கிறார் என்று கன்னடத்தில் ஒரு சத்தம் போட்டார். மண்டபமே திரும்பியது. நான் எழுந்து நின்றேன். கைதட்டல்.

அந்தப் பெண் மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். யார் இந்த ஆள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் காவலாளி வந்து என்னை வெளியே தள்ளியிருப்பார், அது நியாயமும்கூட. அவள் ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்தாள். பிறகு இறங்கிப் போய் உட்கார்ந்தாள்.

நாலைந்து பேர் கழித்து மைக்கில் ஒரு பெயர் வந்தது. இனிஷியலோடு, அழுத்தம் திருத்தமாக. யாரோ என்று நினைத்தேன். இந்த ஊரில் என் பெயர் 'ஏசிக்காரர்'. என் எண்ணை எல்லோரும் அப்படித்தான் போனில் பதிந்து வைத்திருக்கிறார்கள். என் முழுப் பெயரை இன்னொருவர் சொல்லிக் கேட்டு அது என்னுடையது என்று உறைக்கவே சில நொடிகள் ஆயின. உறைத்த பிறகும் எழவில்லை. இப்போதுதான் ஒரு பெண்ணுக்கு அப்பாவாகக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எந்த முகத்தோடு மாணவனாக எழுவது? பேசாமல் போய்விடலாம். இதுவும் ஒன்பது நாள் கதைதான், வீட்டுக்கும் தெரியாது, ஒருவரும் கேட்கப் போவதில்லை. ஒருவரும் கேட்கப் போவதில்லை என்று நினைத்ததும்தான் வாசலைப் பார்த்த கண்ணை மேடைக்குத் திருப்பினேன்.

இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். பேராசிரியை பேனாவை எடுத்துப் பட்டியலில் வைத்தார்.

எழுந்தேன்.

"இன்னொரு பிள்ளையாண்ணா?" என்றார் தையற்கடை அம்மா.

"இல்லக்கா. இது நான்தான்."

பச்சை ஸ்டிக்கரோடு மேடைக்கு நடந்தேன். முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு. ஊரில் எல்லோரையும் சிரிக்க வைத்தே பழக்கப்பட்டவன், அன்று தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பேராசிரியை அட்டையைக் கொடுத்தார். கொடுத்த வேகத்தில், பழக்கதோஷமாக, "பேரன்ட்ஸ்?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என் அப்பா இறந்து பல வருடமாகிறது. அதைச் சொல்லவா, இளித்துச் சமாளிக்கவா என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

குடைப் பெண் எழுந்து நின்றிருந்தாள்.

சிரிப்பு நின்றது. தையற்கடை அம்மாதான் முதலில் கைதட்டினார் என்று நினைக்கிறேன். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

இப்போது மூன்றாவது செமஸ்டர் நடக்கிறது. மனைவியிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். எதிர்பார்த்த கேள்வியைத்தான் கேட்டாள். அறையில் இன்னும் நான் மட்டும்தான், வேலைக்குப் போகிற வீடுகளில் என் நகைச்சுவைக்கு இன்னும் ஏசிதான் சொட்டுகிறது. ஆனாலும் மாலை ஆறு மணிக்கு ஓர் இடத்தில் என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நானும் 'பிரசன்ட்' சொல்கிறேன். அன்று விட்ட சனிக்கிழமைக் கூலியை நினைத்து நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம், நான் பயந்த அதே ஆறிப்போன புலாவ் தட்டோடு அவளிடம் போனேன். பகலில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற பெண். அம்மா நாலு வீட்டில் சமையல் வேலை. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்று இவளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். நான் ஏணி மேல் போட்ட அதே கணக்கு. மன்னிப்புக் கேட்டேன், நீட்டி முழக்கி நன்றி சொன்னேன், நடுவில் இரண்டு நகைச்சுவையும் சேர்த்தேன். எதற்கும் அவள் அசையவில்லை. கடைசியில், யார் என்றே தெரியாத எனக்காக ஏன் எழுந்து நின்றாய் என்று கேட்டேன்.

சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"நீங்க நின்னீங்கல்ல."